கைப்பேசியைத் திட்டினால் கட்டுரை ஆகாது

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்து ஊர்களில் பள்ளி இதழுக்கோ கோயில் விழா மலருக்கோ கட்டுரை கேட்டால், கைப்பேசித் திரைக்கு அடிமையான தம் கதையை எழுதித் தருபவர்கள் இப்போது அதிகம். பேசவேண்டிய விஷயம்தான். ஆனால் பெரும்பாலான கட்டுரைகள் முதல் பத்தியிலேயே படுத்துவிடுகின்றன.

"இன்றைய நவீன உலகில் கைப்பேசி இன்றியமையாதது" என்று தொடங்காதீர்கள். யார் கட்டுரைக்கும் பொருந்தும் வரி உங்களுடையது அன்று. அந்தப் பத்தியை அடித்துவிட்டு மீதியைப் படித்துப் பாருங்கள், ஒன்றும் குறைந்திருக்காது.

அதைவிடப் பெரிய கோளாறு, நடந்ததைக் காட்டாமல் தீர்ப்பை மட்டும் எழுதுவது. "இரவு முழுவதும் கைப்பேசியில் மூழ்கிக் கிடந்தேன்" என்பதில் வாசகருக்குப் பார்க்க எதுவும் இல்லை. அதற்குப் பதில் இப்படி ஒரு காட்சியை எழுதிப் பாருங்கள்: அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவர். பெரட்டுக்கு, அதாவது வேலைக்குமுன் ஆளெடுக்கும் இடத்துக்கு, போக விடியுமுன் எழுந்திருப்பார். அவர் அறையில் விளக்கு எரிந்ததும் மகள் கைப்பேசியை நெஞ்சின்மேல் கவிழ்த்துக்கொண்டு கண்ணை மூடுகிறாள். போர்வை ஓரத்தில் கசியும் வெளிச்சத்தை அவர் பார்க்கிறார். ஒன்றும் சொல்லாமல் காலணியை எடுத்துக்கொண்டு போகிறார். இதை எழுதிவிட்டால் "குற்ற உணர்ச்சி" என்ற சொல்லே தேவைப்படாது. இந்தக் கட்டுரையில் எழுத வேண்டியது கைப்பேசியைப் பற்றி அன்று. அதை எடுக்கும் கையைப் பற்றி. எந்த நேரத்தில், எதைத் தவிர்க்க, யார் முகத்தைப் பார்க்காமலிருக்க அந்தக் கை நீள்கிறது?

நேரக் கணக்கிலும் நினைவை நம்பவேண்டாம். 2018 முதல் ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் பயன்பாட்டு நேரத்தைக் காட்டும் வசதி வந்துவிட்டது. "மணிக்கணக்காக" என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதைவிட அந்த எண்ணில் ஒன்றைக் கொடுத்து, அந்த நேரத்தில் வீட்டில் வேறு என்ன நடந்துகொண்டிருந்தது என்று சொல்லுங்கள்.

மருத்துவப் பெயர்களை அள்ளிப் போடுவது இன்னொரு வழக்கம். உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பு 2022 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. திரைப் பழக்கங்களில் அதில் தனி நோயாக இடம்பெற்றிருப்பது மின்விளையாட்டுக் கோளாறு, அதாவது வீடியோ கேம் அடிமைத்தனம். அதை உறுதிசெய்யவும் பொதுவாகக் குறைந்தது 12 மாதப் பாதிப்பு தெரியவேண்டும். டிக்டாக் பார்ப்பது அந்தப் பட்டியலில் தனி நோயாக இல்லை. அடிமைத்தனம் என்று தாராளமாக எழுதலாம், ஆனால் மருத்துவர் சொன்னதுபோல் எழுதக்கூடாது.

பழி முழுவதையும் தன் தலையில் போட்டுக்கொள்வதும் சரியல்ல. முடிவே இல்லாமல் உருளும் பக்கத்தை 2006இல் வடிவமைத்த ஏசா ராஸ்கினே பின்னாளில் அதற்காக வருந்தியிருக்கிறார். நிறுத்தும் இடம் வேண்டுமென்றே எடுக்கப்பட்டிருக்கிறது. 2020 மார்ச் 18இல் கோவிட் பரவலைத் தடுக்க நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபின், பாடம் படிக்கவென்றே பல வீடுகளில் கைப்பேசி பிள்ளைகள் கைக்குப் போனது. அண்ணனும் தங்கையும் ஒரே கைப்பேசிக்கு முறை வைத்துக் காத்திருந்த வீடுகளும் உண்டு. இதையெல்லாம் விட்டுவிட்டு "என் மனம் பலவீனமானது" என்று மட்டும் எழுதினால் பாதிக் கதைதான் வரும்.

பழைய தோட்டத்தைச் சொர்க்கமாக்கும் பத்தி எனக்கு அலுத்துவிட்டது. அந்தக் காலத்தில் எல்லாரும் திண்ணையில் உட்கார்ந்து பேசினார்களாம்! திடலில் வெள்ளைத்துணி கட்டிப் படம் காட்டினால் பாயோடு போய் இடம் பிடித்தவர்களும் அவர்கள்தான். பிறகு வீடியோ நாடா வாடகைக்கு வந்தது. 1996இல் ஆஸ்ட்ரோ என்ற துணைக்கோளத் தொலைக்காட்சி வந்தது. ஒரே திரையை ஊரே பார்த்ததற்கும் ஆளுக்கொரு திரை வைத்திருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஆராய்ந்தால் நல்ல கட்டுரை கிடைக்கும். ஏக்கத்தோடு நிறுத்திக்கொண்டால் கிடைக்காது.

கடைசிப் பத்தியில் எல்லாரும் திருந்திவிடுகிறார்கள். செயலியை நீக்கி, புத்தகம் எடுத்து, அதிகாலையில் நடக்கிறார்கள். வாசகர் நம்புவதில்லை. நீக்கிய செயலியை மறுவாரமே மீண்டும் இறக்கியிருந்தால் அதையே எழுதுங்கள்.

சிறிய ஊர் என்பதையும் மறக்கவேண்டாம். பெயரை மாற்றினாலும் "மளிகைக்கடைக்காரர் மகள்" என்றாலே யாரென்று தெரிந்துவிடும். தங்கையின் குறுஞ்செய்தி, அம்மாவின் அழுகை போன்றவை வரும் இடங்களை அனுப்புவதற்கு முன் அவர்களுக்கே வாசித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள்.