காட்டுத்தீக்குப் பின் முளைக்கும் புகையிலை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் மேற்கே, யூட்டா, நெவாடா, கலிபோர்னியா மலைச்சரிவுகளில் தீ ஓய்ந்தபின் ஒரு செடி கூட்டமாக எழும். தொட்டால் பிசுபிசுக்கும் இலை, வெள்ளைக் குழல் பூ. பெயர் நிக்கோட்டியானா அட்டெனுவேட்டா. வழக்கில் கோயோட் புகையிலை.

"காற்று விதையைக் கொண்டுவந்து போட்டிருக்கும்" என்பார்கள். இல்லை, விதை அங்கேதான் பல்லாண்டுகளாக மண்ணுக்குள் கிடந்தது. அதை எழுப்புவது நெருப்பின் சூடு என்பது அடுத்த தவறு. எரிந்த மரத்தின் புகையிலுள்ள வேதிப்பொருள்கள் மண்ணில் இறங்குவதுதான் அதற்குச் சேதி. பழைய புதர்களின் சருகிலிருந்து கசியும் சாறு முளைப்பைத் தடுக்கும். தீயில் அதுவும் போய்விடும். ஆகவே விதையைச் சுடவைத்துப் பார்க்காதீர்கள், சூடு அதை முளைக்க வைக்காது. ஆய்வுக்கூடங்களில் புகையேறிய நீரில் ஊறவைத்தே முளைக்க வைக்கிறார்கள். இரண்டு மூன்று பருவங்களில் புதர்கள் திரும்பியதும் செடி மறையும். அழிந்துவிட்டது என்று எழுதிவிட வேண்டாம்.

ஆபத்தான குழப்பம் வேறு. தென் அமெரிக்காவிலிருந்து வந்த நிக்கோட்டியானா கிளாக்கா, அதாவது மரப்புகையிலை, கலிபோர்னியாவில் சாலையோரமெல்லாம் உண்டு. ஆளுயரம் தாண்டும், நீலச்சாம்பல் இலை வழவழப்பாக இருக்கும், பூ மஞ்சள். இதன் இலையைக் கீரையென்று வேகவைத்துத் தின்றவர்கள் இறந்திருக்கிறார்கள். அதிலுள்ள நஞ்சு அனபசின்.

"கோயோட் புகையிலையைப் புழு தின்கிறதே, நமக்கென்ன?" என்று கேட்பவரும் உண்டு. அந்தப் புழு, அதாவது வால்பக்கம் கொம்புள்ள கொம்புப்புழு, அதற்குப் புகையிலை நஞ்சான நிக்கோட்டினைத் தாங்கும் உடம்பு, நமக்கு இல்லை. போதாக்குறைக்கு, இலை கடிபட்டால் வேர் இன்னும் அதிகமாக நிக்கோட்டின் தயாரித்து மேலே அனுப்பும். ஈரமான இலையை வெறுங்கையால் கசக்காதீர்கள், தோல் வழியாகவும் ஏறும்.

நடுப்பகலில் போய், பூ தலை தொங்கிக் கிடக்கிறதே, வாடிவிட்டது என்று திரும்பாதீர்கள். அந்தி சாய்ந்ததும் அதே பூ நிமிர்ந்து, மணம் வீசி அந்துப்பூச்சியை அழைக்கும். சிக்கல் என்னவென்றால், மகரந்தம் சேர்க்க வரும் அந்து முட்டையும் இட்டுப் போகும், அதிலிருந்துதான் கொம்புப்புழு. புழுத் தொல்லை மிஞ்சினால் செடி சில பூக்களை மணமின்றிக் காலையில் விரிக்கும், பூந்தேன் குடிக்கும் சிறு ஹம்மிங் பறவைக்காக. 2010-இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. காலையில் விரிந்த பூவைக் கண்டால் இலையடியைத் திருப்பிப் பாருங்கள், புழு இருக்கக்கூடும்.