வாழைக்கும் எலுமிச்சைக்கும் நுண்ணுயிர் உரம், ஜிப்சம்: எங்கே தவறுகிறோம்?

நோயைத் தடுக்கும் பாக்டீரியாவான சூடோமோனாஸ் போட்டும் வாழையில் வாடல் நோய் நிற்கவில்லை என்று பலர் வருத்தப்படுகிறார்கள். அது உயிருள்ள பொருள் என்பதை மறந்து, மற்ற உரம்போலவே கையாளுவதுதான் பெரும்பாலும் காரணம். மோட்டார் கொட்டகையின் தகரக் கூரைக்குக் கீழே, யூரியா மூட்டைக்குப் பக்கத்தில் கோடை முழுக்கக் கிடந்த பாக்கெட்டில் எத்தனை உயிர் மிஞ்சியிருக்கும்? தூள் வடிவ பாக்டீரியா உயிர் உரமென்றால் கிராமுக்கு 5 கோடி உயிரணுக்களாவது இருக்க வேண்டும் என்கிறது மத்திய அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணை. வாங்கும்போதே காலாவதித் தேதியைப் பாருங்கள், நிழலில் வையுங்கள்.

அடுத்தது, எல்லாவற்றையும் ஒரே நாளில் ஊற்றுவது. டிரைக்கோடெர்மா நோயைத் தடுக்கும் ஒரு பூஞ்சை. பூஞ்சைக்கொல்லியான கார்பென்டாசிம் ஊற்றிய வேர்ப்பகுதியில் அது பிழைக்காது. தாமிர மருந்துகள் சூடோமோனாஸையும் பாதிக்கும். மருந்தும் நுண்ணுயிரும் தேவையென்றால் நடுவில் 2, 3 வாரமாவது இடைவெளி விடுங்கள்.

வெறும் மண்ணில் தூவுவதும் வீண்தான். ஒரு கிலோ டிரைக்கோடெர்மாவை 100 கிலோ மக்கிய தொழு உரத்தில் கலந்து, ஈரம் காயாமல் நிழலில் ஓரிரு வாரம் மூடி வைத்தால் பெருகிவிடும். அப்புறம் வாழைக்கு வேர்ப்பகுதியிலும், வளர்ந்த எலுமிச்சைக்கு அடிமரத்தை விட்டு இலை நிழல் விழும் வட்டத்திலும் போட்டு உடனே தண்ணீர் விடுங்கள். வேம் (VAM) உட்பூசணம் செடியின் வேரோடு சேர்ந்து வாழும் பூஞ்சை, வேரைத் தொட்டால்தான் பிழைக்கும். நடும்போதே குழியில் இடுவது நல்லது. அதோடு சூப்பர் பாஸ்பேட்டை அள்ளிப் போட்டால் செடி அந்தப் பூஞ்சையைச் சேர்த்துக்கொள்ளாது.

ஜிப்சமும் சுண்ணாம்பும் ஒன்றுதான் என்ற நினைப்பு இதைவிடப் பெரிய நஷ்டம் தரும். திருச்சி மணிகண்டம் பக்கம் இருப்பதுபோன்ற, சோடியம் மிகுந்த களர் நிலத்தில் சுண்ணாம்பு கரையவே கரையாது. அங்கே ஜிப்சம்தான் வேண்டும். அதிலுள்ள கால்சியம் மண்ணில் ஒட்டியிருக்கும் சோடியத்தைப் பெயர்த்துவிடும். ஆனால் பெயர்ந்த சோடியம் வெளியேற வேண்டுமே! நல்ல தண்ணீரைத் தேக்கி வடிக்க வடிகால் இல்லையென்றால் ஜிப்சத்துக்குச் செலவழித்த காசு வீண். நீலகிரிபோன்ற அமில மண்ணில் கதை தலைகீழ். ஜிப்சம் புளிப்பைக் குறைக்காது, அங்கே சுண்ணாம்போ டோலமைட்டோ தேவை.

மணிச்சத்து தரும் பாறை பாஸ்பேட்டும் அமில மண்ணுக்கு ஏற்றது. சுண்ணாம்புக் கரிசலில் அது கரையாமல் கிடக்கும். பாஸ்போபாக்டீரியா அமிலம் சுரந்து கரைக்கப் பார்த்தாலும் மண்ணின் சுண்ணாம்பு அதையும் தணித்துவிடும்.

இதெல்லாம் மண் பரிசோதனையில் ஓரளவு தெரிந்துவிடும். ஆனால் போர்த் தண்ணீரை யாரும் கொண்டுபோவதில்லை. தண்ணீரிலேயே சோடியம் பைகார்பனேட் மிகுதியாக இருந்தால், ஜிப்சம் போட்டுத் திருத்திய பாத்தி ஒவ்வொரு பாசனத்திலும் களராகிக்கொண்டே வரும். மண் மாதிரியோடு ஒரு பாட்டில் போர்த் தண்ணீரையும் கொடுங்கள்.