மயஸ்தீனியா இருப்பவர்கள் கவுன்சலிங்கைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்

தசைகள் சீக்கிரம் தளர்ந்து, இமைகூடச் சரியும் நோயான மயஸ்தீனியா கிராவிஸ் வந்தவர்கள் பலருக்குக் காலையில் இருக்கும் தெம்பு சாயங்காலம் இருக்காது. பேசப் பேச நாக்கே குழறும். மனம்விட்டுப் பேசக் காலை நேரம்தான் சரி. போனிலேயே மனநல ஆலோசனை தரும் அரசின் டெலி மானஸ் எண் 14416: இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். முதல் பேச்சுக்காக அரூரிலிருந்து தருமபுரிக்கு பஸ் ஏற வேண்டியதில்லை.

எடுத்த எடுப்பிலேயே நோயின் பெயரைச் சொல்லிவிடுங்கள். சில தூக்க மாத்திரைகள் மூச்சுத் தசையையும் தளர்த்தலாம். நரம்பியல் டாக்டரைக் கேட்காமல் மெடிக்கலில் வாங்கிப் போடவே கூடாது. மூச்சுத் திணறினால் கவுன்சலிங் எல்லாம் அப்புறம், உடனே 108.

வீட்டில் "சோம்பேறித்தனம்" என்கிறார்களா? (சொல்லாத வீடு ஏது!) அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அவர்களில் ஒருவரையும் கூட்டிப் போங்கள். இமை ஏன் சரிகிறது என்று டாக்டர் வாயால் கேட்டால் பாதிப் பேச்சு அடங்கும்.