அப்ரன்டிஸ் ஒப்பந்தம்: கையெழுத்துக்கு முன்னும் பின்னும்

ஐ.டி.ஐ. முடித்தவரை "ஒரு வருஷம் அப்ரன்டிஸா வாங்க" என்று ஒரு கம்பெனி கூப்பிட்டால், முதலில் கேளுங்கள்: 1961ஆம் ஆண்டு தொழிற்பழகுநர் (அப்ரன்டிஸ்) சட்டப்படியா, சும்மா பெயருக்கா? அந்தச் சட்டத்தின் பலன் எல்லாம் ஒப்பந்தம் பதிவாவதில்தான் இருக்கிறது. பதிவாகாவிட்டால் குறைந்தபட்ச உதவித்தொகையைக் கேட்க முடியாது. கடைசியில் தேசிய அப்ரன்டிஸ் சான்றிதழும் வராது.

சம்பளச் சீட்டே பாதி உண்மையைச் சொல்லிவிடும். சட்டப்படி சேர்ந்த அப்ரன்டிஸுக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் கிடையாது. பிடித்தம் இருந்தால் உங்களை ஊழியராக வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அதில் தப்பில்லை, ஆனால் அது அப்ரன்டிஸ் பயிற்சி ஆகாது. பிடித்தமும் இல்லை, ஒப்பந்தப் பதிவு எண்ணும் தரவில்லை என்றால் உஷாராகுங்கள். இரண்டு பக்கத்து உரிமையும் இல்லாமல் நடுவில் நிற்பீர்கள்.

ஐ.டி.ஐ. முடித்தவர்களும் பத்தாவது, பன்னிரண்டாவது முடித்தவர்களும் அப்ரன்டிஸ்ஷிப் இந்தியா போர்ட்டலில் பதிய வேண்டும். டிப்ளமோ, பட்டம் படித்தவர்கள் பெரும்பாலும் நாட்ஸ் (தேசிய தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டம்) போர்ட்டல் வழியாகச் சேர்கிறார்கள். பதிவில் நம் ஊர்க்காரர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இனிஷியல். ஆதாரில் "முருகன் எஸ்", ஐ.டி.ஐ. சான்றிதழில் "எஸ். முருகன்", பேங்க் பாஸ்புக்கில் அப்பா பெயர் முழுசாக என்று இருந்தால் எங்காவது ஒரு இடத்தில் விண்ணப்பம் நின்றுவிடும். மூன்றையும் ஒரே மாதிரி ஆக்கிவிட்டுப் பதியத் தொடங்குங்கள். உதவித்தொகையில் அரசு தரும் பங்கு, ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் போகும். பழைய கணக்கை மூடியிருந்தாலோ, இடையில் வேறு பேங்கில் ஆதாரைக் கொடுத்திருந்தாலோ, "பணம் வரவில்லை" என்று கம்பெனியிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

ஒப்பந்தத்தில் டிரேடின் (தொழிற்பிரிவின்) பெயர், பயிற்சிக் காலம், உதவித்தொகை மூன்றையும் நிதானமாகப் படியுங்கள். ஃபிட்டர் படித்துவிட்டு வந்தவருக்கு வேறு டிரேட் பெயர் போட்டிருந்தால் அப்போதே கேட்டுவிட வேண்டும். பிறகு திருத்துவது பெரும்பாடு. 18 வயது ஆகாதவருக்குப் பெற்றோரோ காப்பாளரோ கையெழுத்திட வேண்டும். கையெழுத்தான ஒப்பந்தத்தின் விவரங்களை 7 நாளுக்குள் பதிவுக்காகப் போர்ட்டலில் ஏற்றுவது முதலாளியின் பொறுப்பு. பதிவு எண் வந்ததும் ஒரு பிரதி வாங்கி வீட்டில் வையுங்கள்.

2019 திருத்தத்தின்படி மாதக் குறைந்தபட்சம்: பத்தாவது முடித்தவருக்கு 6,000 ரூபாய், ஐ.டி.ஐ.க்கும் பன்னிரண்டாவதுக்கும் 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000. இரண்டாம் வருடம் 10 சதவீதம் கூடும். இது அடிமட்டத் தொகை. கூடுதலாகத் தரத் தடையில்லை. சேரும் நாளில் நடப்பு விகிதத்தைப் போர்ட்டலில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். "பீஸுக்கு இவ்வளவு" என்று கணக்குப் போட்டுத் தந்தால் அது சட்டவிரோதம். உற்பத்தி போனஸ் திட்டத்தில் சேர்ப்பதும் அப்படித்தான். காரணம் எளிது: எண்ணிக்கைக்குக் காசு என்றால், வேலை கற்றுக்கொடுக்க யாரும் மெஷினை நிறுத்த மாட்டார்கள்.

ஓவர்டைமுக்கு, இந்தச் சட்டத்தின்படி அரசு நியமிக்கும் அதிகாரியான அப்ரன்டிஸ் ஆலோசகரின் ஒப்புதல் வேண்டும். ஆள் குறைகிறதென்று பேக்கிங்கில் நிறுத்துவது, லோடு ஏற்றச் சொல்வது எல்லாம் பயிற்சிக்குத் தொடர்பில்லாத வேலை. அதற்கும் சட்டத்தில் இடமில்லை. தினசரி வேலைக் குறிப்பேட்டை அன்றன்றைக்கே எழுதுங்கள். "லேத்தில் வேலை" என்று எழுதினால் பயனில்லை; எந்த ஜாப், எந்த ஆப்பரேஷன், யார் மேற்பார்வை என்று எழுதி, மேற்பார்வையாளரின் கையெழுத்தும் வாங்குங்கள். தகராறு வந்தால் கையில் இருக்கும் ஒரே சாட்சி அதுதான். வேலையில் அடிபட்டால், தொழிலாளிக்குத் தருவது போலவே நஷ்டஈடு தர முதலாளி கடமைப்பட்டவர்.

பாதியில் போகத் தோன்றினால் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். காரணமில்லாமல் விட்டுப் போனால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கேட்க வழியிருக்கிறது. தவறு கம்பெனியுடையது என்றால் உங்களுக்கு இழப்பீடு உண்டு. எப்படியானாலும் எழுதிக் கொடுங்கள். தமிழ்நாட்டில் முதலில் போக வேண்டிய இடம் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகம். ஆலோசகரின் முடிவு பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

முடித்ததும் வேலை நிச்சயமா? ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் மட்டும். மற்ற தகுதிகள் சமமாக இருந்தால் பயிற்சி முடித்தவருக்கு முன்னுரிமை தரலாம் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சொன்னது. அதை வேலை உத்தரவாதம் என்று நினைத்துவிடாதீர்கள். ரயில்வே நிறுவனங்களில் பயிற்சி முடித்து தேசியச் சான்றிதழ் பெற்றவர்களுக்கு லெவல் 1 (கடைநிலை) பணியிடங்களில் 20 சதவீதம் தனியாக ஒதுக்குகிறார்கள். அந்தச் சான்றிதழுக்கு இறுதித் தேர்வு எழுதித் தேற வேண்டும். கம்பெனி லெட்டர்ஹெட்டில் தரும் அனுபவக் கடிதம் அதற்கு ஈடாகாது.