பாமினித் தளத்தைத் திரைவாசிப்பான் வாசிக்கும்படி மாற்றுவது எப்படி?

கல்லடியில் எங்கள் சனசமூக நிலையத்தின் இணையத்தளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருந்தது. பார்வையற்ற அண்ணா ஒருவர் ஒருநாள் திரைவாசிப்பானோடு, அதாவது திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் மென்பொருளோடு, அதைத் திறந்தார். 'அம்மா' என்று வரவேண்டிய இடத்தில் 'எம் கே, கே எச்' என்றது கணினி. எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு கிழமை இருந்து முழுவதையும் மாற்றினேன்.

முதலில் என்விடிஏ திரைவாசிப்பானை நிறுவுங்கள். இலவசம்தான். இன்செர்ட், கண்ட்ரோல், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தி, குரலாக ஈஸ்பீக் என்ஜியைத் தெரிவுசெய்யுங்கள். குரல் கொஞ்சம் கரகரக்கும், ஆனால் தமிழ் வாசிக்கும்.

அடுத்தது எழுத்துரு. தளத்தில் ஒரு வரியைப் பிரதிசெய்து நோட்பேடில் ஒட்டுங்கள். ஆங்கில எழுத்துகள் வந்தால் அது பாமினி அல்லது அதைப்போன்ற பழைய எழுத்துரு. பாமினி ஆங்கில எழுத்துக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டுகிறது, அவ்வளவுதான். திரைவாசிப்பானுக்கு உருவம் தெரியாது. ஆகவே எல்லாவற்றையும் யூனிகோடுக்கு, அதாவது தமிழ் எழுத்துகளுக்கென்றே தனிக் குறியீடுகள் உள்ள முறைக்கு, மாற்றவேண்டும். பாமினியை யூனிகோடாக்கும் மாற்றிக் கருவியில் பந்தி பந்தியாகப் போடுங்கள். மின்னஞ்சல் முகவரி, ஆங்கிலச் சொற்களை முதலே வெளியே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அவையும் தமிழாகிச் சிதைந்துவிடும்.

நான் இடறியது இதற்குப் பிறகுதான். 'கௌரவ விருந்தினர்' என்பதை என்விடிஏ 'கெ-ள-ரவ' என்று வாசித்தது. திரையில் பிழையே தெரியவில்லை. மாற்றி ஔகாரக் குறியைப் போடாமல் ஒற்றைக் கொம்பையும் ளகரத்தையும் தனித்தனியே போட்டிருந்தது. நம் அழைப்பிதழ்களில் கௌரவ இல்லாத வரி ஏது? பௌர்ணமியும் அப்படித்தான். ஒவ்வொன்றாகத் தேடித் திருத்துங்கள். தானாகச் சோதிக்கும் கருவிகளை நம்பி இருக்காதீர்கள், இந்தப் பிழையை அவை காட்டித் தரவில்லை. திரையை அணைத்துவிட்டுக் காதால் கேட்பதுதான் என் முறை.

பிறகு தளத்தின் மொழி. தளம் வேர்ட்பிரஸ் மென்பொருளில் செய்தது என்றால் அதன் அமைப்புகளில் தள மொழியைத் தமிழாக்குங்கள். ஆங்கிலம் என்று கிடந்தால் குரல் தமிழுக்கு மாறாது.

நோட்டீசைப் படம் பிடித்துப் போடுகிறீர்களா? அதிலுள்ள திகதி, நேரம், இடம் எல்லாவற்றையும் கீழே எழுத்தாகவும் போடுங்கள். படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் வாசிக்கும் மாற்று உரையில் 'அறிவித்தல்' என்று மட்டும் எழுதினால் அந்த அண்ணாவுக்கு என்ன விளங்கும்?

பின்சேர்க்கை: அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தங்கச்சி, ஆண்ட்ராய்டு போனில் உள்ள டாக்பேக் திரைவாசிப்பான் தமிழை விட்டுவிட்டு ஆங்கிலத்தை மட்டும் வாசிப்பதாக எழுதியிருந்தா. போன் அமைப்புகளில் உரையிலிருந்து பேச்சு என்ற பகுதிக்குப் போய்த் தமிழ்க் குரலை இறக்கியதும் சரியாகிவிட்டது.