வேர்க்கவே இல்லையே என்று நம்பாதீர்கள்: கொங்கு வெயிலில் நாம் செய்யும் தவறுகள்

காங்கேயம் பக்கத்தில் எங்கள் சித்தப்பாவுக்கு ஒரு கொப்பரைக் களம் இருக்கிறது. ஒரு சித்திரை மாதம், மதியம் இரண்டரை மணி. காலையிலிருந்து களத்தில் நின்று காய் புரட்டிக்கொண்டிருந்தவர் திடீரென்று என்னைப் பார்த்து, "மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா?" என்றார். வீட்டில் மாடு இல்லை. விற்றுப் பத்து வருஷம் ஆகிறது. ஏதோ நையாண்டி பண்ணுகிறார் என்று நானும் சிரித்தேன். கால் மணி நேரத்தில் தள்ளாடி உட்கார்ந்தவர், அப்படியே சாய்ந்துவிட்டார்.

அதற்கு ஒரு மணி நேரம் முன்புதான், "நெழல்ல செத்த உக்காருங்க சித்தப்பா" என்றதற்கு, "எனக்கு வேர்க்கவே இல்லடா, நாம பாக்காத வெய்யிலா" என்று சொல்லியிருந்தார். அன்றைக்கு நாங்கள் செய்த தவறுகளை வைத்தே இதை எழுதுகிறேன். ஒன்றிரண்டு இல்லை, ஏகப்பட்டது.

வேர்வையை வைத்துக் கணக்குப் போடுவது

சென்னை, தூத்துக்குடி வெயிலில் சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொள்ளும். நம்மூர் வெயில் அப்படிக் காட்டிக்கொடுக்காது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிறோம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேகம் பிடிக்க வைகாசிக் கடைசியோ ஆனியோ ஆகிவிடும். அதுவரை பங்குனி, சித்திரையில் ஈரோடு, வெள்ளகோவில், கரூர்ப் பக்கம் மதியத்தில் அடிப்பது வறண்ட காற்று. வேர்வை வந்த வேகத்திலேயே காய்ந்துவிடும். தோலைத் தொட்டால் உலர்ந்திருக்கும், சட்டையில் மட்டும் வெள்ளை உப்புக் கோடு தெரியும். அந்தக் கோடு தெரிந்தால் உடம்பிலிருந்து ஏகமாகத் தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம். கடும் வேலையில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல்கூட வேர்வையாகப் போகும்.

பாலைவனத்தில் ஆளை ஏமாற்றுவதும் இதே உலர்வுதான். குவைத்தின் மித்ரிபாவில் 2016 ஜூலையில் 53.9 டிகிரி, அதே ஆண்டு மே மாதம் ராஜஸ்தானின் பலோடியில் 51 டிகிரி பதிவானது. நமக்கு அந்த அளவு இல்லைதான். ஆனால் 2024 ஏப்ரல் கடைசியில் ஈரோடு 42 டிகிரியைத் தாண்டியது. கரூர் பரமத்தி என்ற பெயர் கோடையில் டிவியின் வெயில் பட்டியலில் வராத வருஷம் அபூர்வம். அதோடு, டிவியில் சொல்லும் டிகிரி நிழலில், காற்றோட்டமான பெட்டிக்குள் வைத்து அளந்தது. களத்துச் சிமெண்ட் தரையிலும் தார் ரோட்டிலும் தகரக் கொட்டகைக்குள்ளும் நிற்பவனுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

இதற்கு நேர் எதிரான நம்பிக்கை ஒன்றும் உண்டு: "வேர்த்துட்டுத்தான இருக்கான், ஹீட் ஸ்ட்ரோக்கா இருக்காது." அதுவும் தவறு. வீட்டில் படுத்திருக்கும் வயதானவர்களுக்கு வந்தால் பெரும்பாலும் தோல் காய்ந்திருக்கும். வேலை செய்துகொண்டே விழுகிறவனுக்கு வேர்வை கொட்டிக்கொண்டே இருக்கலாம். அதனால் தோலைப் பார்க்காதீர்கள், பேச்சைக் கேளுங்கள். சம்பந்தமில்லாமல் பேசுவது, சும்மா எரிந்து விழுவது, பெயர் மறப்பது, நடை தள்ளாடுவது, வலிப்பு, மயக்கம். வெயிலில் நின்றவரிடம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும், சூடு மூளையைத் தொட்டுவிட்டது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். உடம்பின் உள்சூடு அநேகமாக 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். இல்லாத மாட்டைக் கேட்ட நிமிஷமே நான் ஓடியிருக்க வேண்டும்.

விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு ஓடுவது

அன்றைக்கு நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் வாயில் சோடா ஊற்றப் பார்த்தோம். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு எதையும் குடிக்கக் கொடுக்கக் கூடாது. அது நுரையீரலுக்குப் போய்விடும். அடுத்து ஒருவர், "காய்ச்சல் கொதிக்குது, டோலோ குடுங்க" என்றார். இது காய்ச்சல் இல்லை. காய்ச்சலில் மூளையே சூட்டின் அளவைக் கூட்டி வைக்கிறது. டோலோவில் இருக்கும் பாராசிட்டமால் அதைக் குறைக்கும். வெயில் தாக்கும்போது மூளை எதையும் கூட்டவில்லை. உடம்பால் சூட்டை வெளியே தள்ள முடியவில்லை, அவ்வளவுதான். அங்கே மாத்திரைக்கு வேலையே இல்லை. ஏற்கெனவே அடிபட்டிருக்கும் கல்லீரலுக்கு மேலும் ஒரு சுமை, அதுதான் மிச்சம்.

அப்புறம் காரில் ஏற்றினோம், ஏசி போட்டோம், இருபத்தைந்து நிமிஷம் ஓட்டினோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "அங்க தண்ணி இல்லையா?"

இருந்தது. களத்துக்குப் பத்தடி தள்ளி, நிறைந்த தண்ணீர்த் தொட்டி. அதில் போடலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் போட்டிருக்க மாட்டோம். "சூட்டு ஒடம்புல பச்சத்தண்ணி ஊத்துனா ஜன்னி வந்துரும்" என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம். இந்த ஒரு நம்பிக்கைதான் ஆளைக் கொல்கிறது. வெயிலில் விழுந்தவருக்குப் பச்சைத் தண்ணீர்தான் மருந்து. எவ்வளவு சீக்கிரம் சூடு இறங்குகிறதோ, மூளையும் சிறுநீரகமும் அவ்வளவுக்குத் தப்பும். முதல் அரை மணி நேரம்தான் கணக்கு.

எனவே முதலில் குளிர வைக்க வேண்டும். ஒருவர் 108-க்குப் போன் பண்ணட்டும். மற்றவர்கள் ஆளை நிழலுக்கு நகர்த்தி, சட்டையைக் கழற்றி, தொட்டி இருந்தால் தலையையும் தோளையும் பிடித்துக்கொண்டு கழுத்துவரை தண்ணீரில் இறக்கலாம். ஐஸ் கிடைத்தால் தொட்டியில் கொட்டலாம். தொட்டி இல்லாவிட்டால் மோட்டார் ஹோஸைத் திருப்பிவிட்டு, பக்கத்தில் ஃபேன் வைக்கலாம், இல்லையென்றால் அட்டையால் விசிறலாம். ஈரத் துண்டு போட்டால் அது சூடாகச் சூடாக மாற்ற வேண்டும். நெற்றியில் ஒரே ஒரு ஈரத்துணியை வைத்துவிட்டு உட்காருவதால் ஒன்றும் ஆகாது. வண்டி வந்து ஏற்றிய பிறகும் நனைப்பதை நிறுத்தக் கூடாது.

பூண்டும் மிளகும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயைக் கால் கட்டைவிரலில் தடவும் வைத்தியம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. சும்மா உடம்பு உஷ்ணம் என்று சொல்பவர்கள் தடவிக்கொள்ளட்டும், எனக்கு அதில் சண்டை இல்லை. பேச்சுக் குழறுகிறவரின் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள்.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு பக்கமும் தப்பு

தாகம் எடுக்கட்டும் என்று காத்திருப்பது ஒரு தப்பு. தாகம் தெரிவதற்குள் உடம்பு கொஞ்சம் வறண்டுபோயிருக்கும். வயதானவர்களுக்குத் தாகமே சரியாகத் தெரியாது. கால் மணி, இருபது நிமிஷத்துக்கு ஒரு டம்ளர் என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் களத்தில் இப்போது ரேடியோவில் மூன்று பாட்டுக்கு ஒரு டம்ளர் என்று கணக்கு.

எதிர்ப்பக்கம், மத்தியானம் வரை ஒன்றும் குடிக்காமல் இருந்துவிட்டு வெறும் தண்ணீரை ஒரே மூச்சில் செம்பு செம்பாகக் கவிழ்ப்பது. ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் போகக் கூடாது. ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போனால் தலைவலி, வாந்தி, குழப்பம் எல்லாம் வரும். பார்ப்பதற்கு வெயில் மயக்கம் போலவே இருக்கும், மேலும் தண்ணீர் கொடுத்தால் மோசமாகும். உப்புப் போட்ட மோர், கம்பங்கூழ், ஊறுகாயோடு ஒரு வாய் சோறு என்று இடையிடையே உள்ளே போனால் இந்தத் தொல்லை வராது. அம்மாயி தூக்குப்போசியில் கொடுத்துவிட்ட கூழும் சின்ன வெங்காயமும் எந்தப் பாட்டில் பானத்துக்கும் குறைந்ததில்லை. பிரஷர், இதயம், கிட்னி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் உப்பையும் தண்ணீரையும் கூட்டுவதற்கு முன் டாக்டரைக் கேளுங்கள். நீர் பிரிய வைக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கு வெயில் சீக்கிரம் அடிக்கும்.

ஓஆர்எஸ் (உப்பு, சர்க்கரைக் கரைசல்) பாக்கெட்டை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுசாகக் கரைக்க வேண்டும். ஒரு லிட்டர் பாக்கெட்டில் பாதியைக் கிள்ளி ஒரு டம்ளரில் போட்டால் உப்பு அதிகமாகிவிடும், குழந்தைகளுக்கு ஆபத்து. பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டையும் தலைதட்டிப் போட்டால் சமாளிக்கலாம். பழ ருசியில் இனிப்பாக விற்கும் டப்பாக்களை ஓஆர்எஸ் என்று நம்பி வாங்கியவர்களில் நானும் ஒருவன். அந்த மாதிரிப் பானங்களின் பெயரில் ஓஆர்எஸ் என்று போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது.

டீ குடித்தால் உடம்பு வறண்டுவிடும் என்று பயப்பட வேண்டாம். பேக்கரியில் இரண்டு டீ குடிப்பதால் ஒன்றும் ஆகாது. பீர் அப்படி இல்லை. "வெய்யிலுக்குக் குளுகுளுன்னு" என்று மதியம் குடித்துவிட்டு மறுபடி வேலைக்குப் போவது, போன தண்ணீரோடு இன்னும் கொஞ்சத்தையும் அனுப்பிவைக்கிற வேலை.

வீட்டையும் கொட்டகையையும் திறந்துபோடுவது

வெளியே 41 டிகிரி அடிக்கும்போது "காத்து வரட்டும்" என்று மேற்கு ஜன்னலைத் திறந்து வைக்கிறோம். வருவது அடுப்புக் காற்று. வெயில் ஏறுவதற்குள் ஜன்னலை அடைத்து, திரை இழுத்து, பொழுது சாய்ந்து வெளியே குளிர்ந்த பிறகு எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும். பாலைவன ஊர்களில் தடித்த சுவரும் சின்ன ஜன்னலுமாகக் கட்டியது இதற்குத்தான். நம் பழைய தொட்டிக்கட்டு வீடுகளும் ஓரளவு அதே புத்தியில் கட்டியவைதான். அவற்றை இடித்துவிட்டு மொட்டை மாடி போட்டோம், இப்போது ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் மேல்தளம் கொதிக்கிறது. வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் கொஞ்சம் குறையும். ஏர்கூலரில் மட்டும் கணக்கு வேறு. அதை ஓட்டும்போது ஒரு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். அடைத்த அறையில் ஈரம் சேர்ந்து, வேர்வை காயாமல் இன்னும் புழுங்கும்.

40 டிகிரிக்கு மேல் வெறும் ஃபேனும் உதவாது, சூட்டைத்தான் மேலே இறைக்கும். உடம்பை நனைத்துக்கொண்டு ஃபேனடியில் உட்கார்ந்தால் பலன் உண்டு.

பெரிய கஷ்டம் தறிக் கொட்டகையில். சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம் என்று எங்கே போனாலும் ஷீட் கூரை, உள்ளே ஓடும் மோட்டாரின் சூடு, நூல் அறுந்துபோகும் என்று காற்றையும் அடைத்து வைத்திருப்பார்கள். வெயிலில் நிற்கவில்லையே என்று அங்கே யாரும் பயப்படுவதில்லை. நிழலில் இருப்பவனுக்கும் சூடு தாக்கும். திருப்பூரில் அயர்ன் மேஜையில் நிற்பவனுக்கும், சாயப்பட்டறை பாய்லர் பக்கம் நிற்பவனுக்கும் இதேதான். முதலாளிமார் முதலில் பார்க்க வேண்டியது புதிதாக வந்த பையனை. வெயிலுக்கு உடம்பு பழக ஒன்று, இரண்டு வாரம் ஆகும், பலர் விழுவது முதல் சில நாட்களில்தான். முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் சூட்டில் வேலை, அப்புறம் தினம் கொஞ்சம் கூட்டுவது என்பதே முறை. "புது ஆளு, வேலை பழகட்டும்" என்று முதல் நாளே முழு ஷிப்டு போடுவது எந்த ஊர் நியாயம்?

துபாயில் வேலை பார்க்கும் என் மச்சான் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "அங்க ஜூன் 15-லிருந்து செப்டம்பர் 15 வரைக்கும் மத்தியானம் பன்னெண்டரையிலிருந்து மூணு வரைக்கும் வெட்டவெளில வேல வாங்கக் கூடாது மாப்ள, சட்டம்" என்றான். குவைத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பதினொன்றிலிருந்து நான்கு. பாலைவனத்துக்காரனே அந்த நேரத்தில் ஒதுங்குகிறான். நாம் பார்க்காத வெயிலா என்று நிற்பது நாம்தான். கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்துச் செம்மறியைப் பாருங்கள், உச்சி வேளையில் ஒன்றின் வயிற்றடியில் ஒன்று தலையை நுழைத்துக்கொண்டு அசையாமல் நிற்கும்.

வெயிலில் வேலை செய்யும்போது சட்டையைக் கழற்றுவதும் தப்புதான். வெறும் மேலோடு நின்றால் வெயில் நேரே தோலில் இறங்கும். சேலைக்கு மேல் பழைய முழுக்கைச் சட்டையும் தலையில் துண்டுமாகக் களையெடுக்கும் நம் அக்காமார் செய்வதுதான் சரி.

இன்னும் சில. கல்யாண மண்டபத்து வாசலில் தூங்குகிற குழந்தையைக் காருக்குள் விட்டுவிட்டு மொய் எழுதப் போகாதீர்கள். பத்து நிமிஷத்தில் உள்ளே பத்து டிகிரி ஏறும். மாரியம்மன் நோம்பிக்குத் தீர்த்தக்குடமோ பூவோடு என்னும் தீச்சட்டியோ எடுப்பவர்கள் உச்சி வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு, பச்சைத் தண்ணீர்கூடப் படாத விரதத்தில் நடக்க வேண்டாம். கோயிலில் நட்ட கம்பத்துக்கு நாள் தவறாமல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுகிறோம், எடுத்து ஊற்றுகிறவரும் ஒரு டம்ளர் குடித்தால் ஆத்தா கோபிக்க மாட்டாள். வெப்ப அலையை 2024-ல் தமிழக அரசு மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் நிவாரணமும் உண்டு. பலருக்கு இது தெரியாது.

சித்தப்பா பிழைத்துவிட்டார். ஆனால் கடைசித் தவறை அவரே செய்தார். ஒருமுறை இப்படி விழுந்தவரின் உடம்பு சில வாரங்களுக்கு, சிலருக்கு மாதக்கணக்கில், வெயிலைத் தாங்காது. டாக்டர் சரி என்று சொல்லும்வரை வெயில் வேலை கூடாது. ஒன்பதாம் நாள் காலையில் பார்த்தால் மனுஷர் களத்தில் நிற்கிறார், காய்க்கு ஈரப்பதம் போயிருக்கிறதா என்று பார்க்க வந்தாராம். சித்தி வந்து ஒன்றும் பேசவில்லை. அவருடைய செருப்பை எடுத்துக்கொண்டுபோய் மேலே அட்டாலியில் வைத்துவிட்டார்.