மாங்கன்று வாங்குமுன் அடிச்செடியைக் கேளுங்கள்

குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் ஒட்டு மாங்கன்று வாங்குபவர்கள் பெங்களூராவா பங்கனப்பள்ளியா என்று மேல் ரகத்தை மட்டும் கேட்கிறார்கள். அந்த ரகத்தைத் தாங்கி வேர் தரும் கீழ்ச்செடிதான் அடிச்செடி. அது கண்ட கொட்டையில் முளைத்ததென்றால் ஒரு மரம் ஓங்கும், பக்கத்து மரம் குன்றும், காய்ப்பும் அப்படித்தான்.

நீங்களே ஒட்டுக் கட்டுவதானால், அடிச்செடிக்கு வெள்ளைக் கொழும்பான் என்ற மா ரகத்தின் கொட்டை கிடைத்தால் விடாதீர்கள். ஒரே கொட்டையில் பல முளை வரும். பெரும்பாலும் தாயையே உரித்து வைத்திருக்கும், மரமும் அடக்கமாக வளரும். அளவில் ஒத்த, திடமான முளைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள்.

கொட்டையைக் காயவைத்துச் சேமிக்க வேண்டாம். பழம் தின்ற வாரமே மேலோட்டை நீக்கி விதையுங்கள். மாதம் தாண்டினால் முளைப்பு வெகுவாகக் குறையும். தண்டு பென்சில் கனம் வந்ததும் வேண்டிய மேல் ரகத்திலிருந்து அதே கனமுள்ள குச்சியை எடுத்து, 4–5 செ.மீ. ஆப்பாகச் சீவி அதில் ஒட்டுங்கள். கனம் பொருந்தாவிட்டால் பட்டையோடு பட்டை சேராது, குச்சி கருகும்.

நடும்போது ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே நிற்கட்டும். அதற்குக் கீழே வரும் துளிரை விட்டால் சில வருடத்தில் பங்கனப்பள்ளி போய் அடிச்செடிதான் தோப்பில் நிற்கும்.